டபுளர் விழுங்கிய நாற்பது காலடி

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனபிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஸ்டுடியோவில் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான். காமிராவுக்குள் பிலிம் சுற்றுகிறதா என்று ரீவைண்ட் குமிழைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், தாலி கட்டுகிற நேரத்தில்கூட. இப்படி எல்லாவற்றுக்கும் பதறுகிற நான் ஒரே ஒரு படத்தை வெட்டும்போது மட்டும் எதையும் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பாதியில் படிப்பை விட்டேன். கணக்கு வரவில்லை, வீட்டிலும் யாரும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச காலம் அங்கும் இங்கும் வேலை பார்த்துவிட்டுப் பாறசாலை ஜங்ஷனில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். லென்சின் வளையத்தில் எட்டுக்கு அடுத்து பதினொன்று, அதற்கடுத்து பதினாறு என்று ஏன் போகிறது என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் ஒரு கட்டம் திருப்பினால் வெளிச்சம் பாதியாகும் என்பதை என் விரல் படித்திருந்தது.

அண்ணனிடம் எழுபதிலிருந்து இருநூற்றுப்பத்து வரை போகிற ஒரு ஜூம் லென்ஸ் உண்டு. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், கோயில் எழுந்தருளல் எல்லாம் அதில்தான் எடுப்போம். எனக்கு அது போதவில்லை. இன்னும் தூரம் போகவேண்டும் என்று ஒரு ஆசை. பத்திரிகைக்காரர்கள் வைத்திருக்கிற நீண்ட லென்சின் விலைக்குப் பக்கத்துச் செங்கல் ஊரில் ஐந்து சென்ட் நிலம் வாங்கிப் போடலாம் என்று அண்ணன் சொல்வார். அதனால்தான் டபுளர் வாங்கினேன். கன்வெர்ட்டர் என்பது அதன் முறையான பெயர். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குழல், உள்ளே கண்ணாடிச் சில்லுகள். காமிராவுக்கும் லென்சுக்கும் நடுவில் பூட்டினால் இருநூற்றுப்பத்து நானூற்றிருபது ஆகிவிடும். நெய்யாற்றின்கரையில் ஒருவர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்து, தன் காமிராவுக்குச் சேராமல் சும்மா போட்டிருந்தார். என் கைக்காசில் வாங்கினேன்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணாடிக்குப் பொறத்த இன்னொரு கண்ணாடி. கஞ்சியில தண்ணி ஊத்தி ரெண்டு பேருக்கு ஆக்குத மாதிரியாக்கும் இது. வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், ருசி இருக்காது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. முதல் ரோல் முழுக்க அழுக்குத் துணி போல வந்தது. டபுளர் இரண்டு கட்டம் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது என்பதை அந்த ரோலைப் பாழாக்கித்தான் படித்தேன். கூடவே வந்த ஆங்கிலத் தாளில் அது எழுதியிருந்திருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்க வெட்கம். காமிராவுக்குள் பார்த்தால் சாயங்காலம் போல மங்கலாக இருக்கும். குவியம் பார்க்க நடுவில் இருக்கிற வட்டத்தில் ஒரு பாதி கறுத்துப்போகும். அதை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள சொரசொரப்புக் கண்ணாடியில் பார்த்துத்தான் திருப்பவேண்டும். லென்சை முழுக்கத் திறந்து எடுத்தால் ஓரமெல்லாம் கரைந்துவிடும். வளையத்தை எட்டில் வைத்தால் கொள்ளாம், படம் தேறும். அந்த எட்டு டபுளருக்குப் பின்னால் பதினாறின் வேலைதான் செய்யும். கை நடுங்கினால் தெரியாமலிருக்க வேகம் ஐந்நூறு. இதற்கெல்லாம் நல்ல வெயில் வேண்டும். ஆனால் வெயில் ஏறிவிட்டால் கடலிலிருந்து ஆவி எழும்பிப் படம் வெளுத்துப்போகும். ஆகக் காலை எட்டரையிலிருந்து பத்து வரைதான் என் டபுளருக்கு உயிர். ஸ்டாண்டின் நடுவில் ஒரு பையைத் தொங்கவிட்டுக் கல் நிறைப்பேன், ஆடாமலிருக்க. இவ்வளவு கற்றுக்கொண்டேன். கற்காமல் விட்டது ஒன்று உண்டு.

அன்று பொழியூரில் ஒரு வீட்டு வெஞ்சரிப்பு. பங்குச் சாமியார் புது வீட்டை மந்திரித்ததும் குடும்பப் படம் எடுத்து முடித்தேன். ரோலில் மிச்சம் பத்துப் பன்னிரண்டு பிரேம் இருந்தது. மணி ஒன்பது இருக்கும். கடல் அரித்துக்கொண்டு போகாமலிருக்கப் போட்ட கல்சுவருக்குப் போய், கீழ்ப்படியாகக் கிடந்த ஒரு பெரிய கல்லில் ஸ்டாண்டை நிறுத்தினேன். டபுளரைப் பூட்டினேன்.

வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. இடுப்பில் அலுமினியச் சருவத்தை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இருபது வயது இருக்கலாம். எனக்கும் அவளுக்கும் நூறு காலடிக்குக் குறையாது. பக்கத்தில், என் கண்ணாடிக்குள் வராத யாரோ எதையோ சொல்ல, அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் வெகு தள்ளி ஒரு ஆள் குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். அழுத்தினேன். ஒரே ஒரு படம்தான். அடுத்ததற்கு லீவரை இழுப்பதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள்.

திரும்பும்போது அந்த வழியாகத்தான் நடந்தேன். அவள் நின்ற இடத்துக்கும் அவன் கயிறு சுருட்டிய இடத்துக்கும் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. அதைச் சுற்றிப் போனேன். நாற்பது காலடி. எண்ணினேன். எண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு, படிக்கட்டு, மின்கம்பம், எதையும். அதனால் அது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

கறுப்பு வெள்ளை ரோல். இருட்டறையில் நானே கழுவினேன். அந்தப் பிரேமை என்லார்ஜரில் வைத்தேன். அவள் சிரிக்கிறாள், அவன் தலை அவள் காதோரம் குனிந்திருக்கிறது. நீண்ட லென்ஸ் தூரத்தைத் தட்டையாக்கிவிடும். டபுளர் அதை இன்னும் போட்டு நசுக்கியிருந்தது. அவன் தலை அவள் தலையைவிடக் கொஞ்சம் சிறிது, அவ்வளவுதான். கீழே பார்த்தால் விஷயம் தெரியும். அவள் பாதம் படத்தின் அடியில் இருக்க, அவன் பாதம் அவள் முழங்காலுக்கும் மேலே, வேறொரு மணலில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் அந்த நாய். எனக்கு அதெல்லாம் குப்பையாகப் பட்டது. நாய், கயிறு, மணலில் மீன் செதில். என்லார்ஜரை உச்சி வரை ஏற்றி, இடுப்புக்கு மேலே மட்டும் பேப்பரில் விழும்படி வைத்தேன். பாதங்களையும் நாயையும் வெட்டினேன். மணல் தூவியது போலப் பொரிப்பொரியாக வந்தது. அதுவும் அழகாகவே இருந்தது.

“எலே, இது நீ எடுத்ததா?” அண்ணன் படத்தை ஈரத்தோடு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். “கலண்டர் படம் தோத்துப் போவும் மக்கா. உனக்க கஞ்சித்தண்ணிக்கு இவ்வளவு ருசியா!”

கடைக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்த கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்தார். நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்க்கிறார்களா என்றும் பார்ப்பேன். அந்தப் பெண்ணிடம் கேட்டோமா என்று எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், ஐம்பது வயதுக்காரர், பஸ்ஸிலிருந்து இறங்கிக் கண்ணாடிப் பெட்டி முன் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்தார். அண்ணன் இல்லை.

“பொறத்த இருக்க படத்துல ஒண்ணு கிட்டுமா?”

என் படத்தை ஒருவர் விலைக்குக் கேட்கிறார்! உட்காரச் சொன்னேன். பக்கத்துக் கடையில் சாயா சொன்னேன். இருட்டறைக்குள் போய் இருபது நிமிடத்தில் போட்டு முடித்தேன். இரண்டு முகத்துக்கும் நடுவில் வெளிச்சம் கூடுதலாக இருந்தது. மற்ற இடத்தைக் கையால் மறைத்துப் பிடித்து அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கறுக்க வைத்தேன். அதனால் அவர்கள் இன்னும் நெருங்கினார்கள். உலர்த்திக் கொடுத்தேன்.

“பையன் ஆருண்ணு தெரியுமா தம்பி?”

“தெரியாது. கடப்புறத்து ஆளாக்கும்.”

“ரெண்டும் நல்ல சேர்ச்ச தான், இல்லியா?”

நான் சிரித்தேன். “ஆமா” என்றேன்.

அந்த ஆமாவை வேறு யாரும் கேட்கவில்லை, எழுதி வைக்கவில்லை. ஆனால் சொன்னது நான்.

அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப்பக்கம், கொல்லங்கோட்டை ஒட்டின கடற்கரை ஊர். சருவம் வைத்திருந்த அந்தப் பெண்ணை அவர் மருமகனுக்குத்தான் நிச்சயித்திருந்தார்கள். அந்தக் கடற்கரைக் கோயில்களில் ஒரு முறை உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. மாமன் படத்தை வாங்கிப்போன வாரத்தில் இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். மறுநாள் அவர் படத்தைப் பொழியூர்ச் சாமியாரின் மேசையில் வைத்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் ஸ்டுடியோவுக்கே வந்தார்கள். அம்மா கையில் மீன்கூடை, காலியானது. சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். பெண் கண்ணாடிப் பெட்டி முன் நின்று தன்னைத் தானே பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

“இதை ஆரு எடுத்தது?” அம்மாதான் கேட்டார்.

அண்ணன் கவுண்டரில் இருந்தார். “என்ன காரியம், சொல்லுங்க.”

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். மாமன் வந்தது, சாமியாரிடம் போனது, மாப்பிள்ளை வீட்டில் மோதிரத்தைத் திருப்பிக் கேட்பது. “படத்துல இருக்க பய ஆருண்ணு இவளுக்குத் தெரியாது. அவன் கொச்சிக்கு போட்டுல போயாச்சு. கேக்கலாம்ணா ஆளில்ல. அவன் ஓடிப்போனாண்ணு இப்ப அதையும் கூட்டிச் சொல்லுதாவ.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை; என் முகமே சொல்லியிருக்கும்.

“அண்ணா, நீங்கதான எடுத்தது? நான் ஒத்தைக்குத்தான நிண்ணேன்? எனக்க பொறத்த அந்த ஆளு எவ்வளவு தூரத்துல நிண்ணான், நீங்க பாத்திய தான? ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வந்து பங்குக் கோயில் அச்சன்கிட்ட ஒரு வாக்கு சொன்னா மதி. நீங்க சொன்னா மூணாவது ஓலை வாசிப்பேன்னு அச்சன் சொல்லியிருக்காரு.”

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நெய்யாற்றின்கரை வக்கீல்களுக்கு எல்லைத் தகராறுப் படங்கள் எடுப்பது எங்கள் கடையின் நல்ல வேலை. அதிர்க்கல்லும் வேலியும் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக் கொடுப்போம். எங்கள் படத்தில் தூரம் பிசகும் என்று நாங்களே ஊருக்குள் போய்ச் சொல்வதா? ஆனால் அண்ணன்மேல் பழி போடவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் பார்த்தது ஒரு நொடி. அதற்கு முன்பே எனக்குள் பயம் ஏறிவிட்டிருந்தது. மறைந்திருந்து பெண்ணைப் படம் பிடித்தவன் என்று கடற்கரையில் என்னைச் சுற்றி நிற்பார்கள். ஏன் எடுத்தாய், ஏன் வெட்டினாய், ஏன் விற்றாய்.

“எனக்கு ஓர்மை இல்ல,” என்றேன்.

“ஓர்மை இல்லியா?”

“நெறைய படம் எடுக்குதோமில்லியா. எது எப்படி நிண்ணுதுண்ணு...”

அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். படியிறங்கும்போது அம்மா சொன்னது கேட்டது: “நாம சந்தையில மீனை மறந்தா ஒரு நாளுக்க கஞ்சி போவும். இவனுவளுக்கு மறந்தா ஒண்ணும் போவாது.”

அண்ணன் உடனே எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு குழந்தைப் படத்தை வைத்தார். “பாவம்தான் மக்கா,” என்றார். “ஆனா நாம போய் நிண்ணா தீரக்கூடிய காரியம் இல்ல இது.” அவர் நிஜமாகவே அப்படி நினைத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. தீரும் என்று எனக்குத் தெரியும். நெகட்டிவ் என்னிடம் இருந்தது. பாதமும் நாயும் அதில் இருந்தன.

சனிக்கிழமை அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் முழு நெகட்டிவையும் வெட்டாமல் போட்டேன். ஒரு ஓரமும் விடாமல். நாயின் வால்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பழைய பேப்பர் உறையில் வைத்தேன்.

ஞாயிறு காலை குளித்துப் பஸ் ஏறினேன். முதல் பூசைக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘அச்சா, இது லென்சுக்க பிழை’ என்று தொடங்கினேன். பிறகு, அப்போ நீ பிழை செய்யலியா என்று சாமியார் கேட்பது போலவும், கோயில் முற்றத்தில் அந்தப் பெண்ணின் அண்ணன் தம்பிகள் நிற்பது போலவும் ஒவ்வொன்றாக வந்தது. அவளுக்கு அண்ணன் தம்பி உண்டா என்றே எனக்குத் தெரியாது. பாதி வழியில் இறங்கினேன். ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து, ஒன்று குடித்தேன், இரண்டாவதும் குடித்தேன். பொழியூர்ப் பக்கம் போகிற அடுத்த பஸ் வந்தது, நின்றது, போயிற்று. உறை மடியில் இருந்தது. பூசை முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

வெட்டியது யோசிக்காமல் செய்தது. ஓர்மை இல்லை என்றது பயத்தில் வாயிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சாயாக்கடையில் நான் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே என்னை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை.

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. திங்கட்கிழமை சந்தையில் மீன் விற்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். மோதிரம் திரும்பிப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அண்ணனிடம் சொன்னேன், போகிறேன் என்று. அவர் தடுக்கவில்லை. “லென்சையும் கொண்டு போ. பேச்சு உனக்கு வராது,” என்றார். அது அவர் செய்த உதவி. அதையும் எழுதவேண்டும்.

சாமியார் தன் வீட்டு முன்னறையில் இருந்தார். உறையிலிருந்து படத்தை எடுத்து வைத்தேன். அவர் மேசை இழுப்பிலிருந்து மாமன் தந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாயைப் பாருங்க அச்சா,” என்றேன். “அது ரெண்டு பேருக்கும் நடுவுல கிடக்குது.”

“சின்ன நாய் கிடக்க ரெண்டு முழம் இடம் போதாதா?”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சொல்லத் தெரியாமல் நான் திணறினேன். கடைசியில் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணலில் கோயில்பிள்ளையை, கோயில் வேலைகள் பார்க்கிறவரை, நிற்கச் சொன்னோம். அவருக்குப் பின்னால் நாற்பது காலடி தள்ளி ஒரு பசு கட்டியிருந்தது. நான் நூறு காலடி எண்ணிப் பின்னால் போய், ஸ்டாண்டை நிறுத்தி, டபுளரைப் பூட்டி, குவியம் பார்த்துவிட்டு விலகினேன். சாமியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

பிறகு அவர் தோள் குலுங்கியது.

“எடேய்!” என்று கோயில்பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். “பசு உனக்க காதுல என்னடே ரகசியம் சொல்லுது?”

“எந்தப் பசு அச்சா?” அவர் திரும்பிப் பார்த்தார். “அது அங்க கிடக்குது!”

“இஞ்ச வந்து பாரு. உனக்கும் அதுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓலை வாசிக்கணும் போல இருக்கே!”

மணலில் கூடியிருந்த நாலைந்து பேரும் வரிசையாக வந்து பார்த்துச் சிரித்தார்கள். கோயில்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, “எனக்க வீட்டுக்காரிக்கிட்ட இதைக் காட்டிராதீங்க,” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், அந்தப் பெண்ணின் அம்மா கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

சாமியார் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இது நல்ல சாமானம்தான். சரி, ஞாயிற்றுக்கிழமை எங்க போயிருந்தே?”

நான் குனிந்து ஸ்டாண்டில் தொங்கிய கல் பையை அவிழ்க்கத் தொடங்கினேன்.

மறுநாள் அவர் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். மாமன் நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. பசுவின் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாராம். மாப்பிள்ளையும் சரி என்றாராம். மோதிரத்தைத் திருப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சாமியார் என்னையும் பெண் வீட்டுக்கு வரச்சொன்னார், அவள் முன்னால் நானே சொல்லவேண்டும் என்று.

கடலுக்கு இரண்டாவது வரிசை வீடு. முதல் வரிசையில் இருந்தவை போன வருடமே இடிந்து கல்லுக்கடியில் கிடந்தன. அவள் கதவுக்கட்டையில் சாய்ந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியதையும், விற்றதையும், சாயாக்கடையையும். அவள் முழுக்கக் கேட்டாள்.

“அண்ணைக்கு உங்களுக்கு ஓர்மை இல்லாம இருந்துது,” என்றாள். “இப்ப எங்கேருந்து வந்துது அண்ணா?”

சாமியார் குறுக்கே பேசினார். “அதை விடு மோளே. அவங்க இணங்கியாச்சு. மூணாவது ஓலையை வாசிக்கட்டா?”

“வேண்டாம் அச்சா.”

அம்மா உள்ளேயிருந்து, “எந்தெடீ சொல்லுதே!” என்று சத்தம் போட்டார்.

“மோதிரம் திருப்பிக் குடுத்த அண்ணைக்கு நான் அவரு வீட்டு ஆளுங்களுக்கு முன்னால நிண்ணு சொன்னேன், அந்த ஆளை எனக்குத் தெரியாதுண்ணு. ‘படத்துல உண்டே’ண்ணு அவரு சொன்னாரு. இப்ப பசு சொன்னதும் நம்புதாரு. பசு சொன்னா நம்புவாரு, நான் சொன்னா நம்பமாட்டாரு. நாளைக்கு வேற எவனாவது ஒரு படம் கொண்டுவந்தா நான் பசுவைத் தேடிப் போவணுமா?”

அம்மா அழத் தொடங்கினார். நான் முன்னரே வந்திருந்தால், ஓலை நின்றிருக்காது, மாப்பிள்ளை அப்படிப் பேசியிருக்கவும் வேண்டியிருக்காது, அவர் எப்படிப்பட்டவர் என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே கல்யாணம் நடந்திருக்கும். அது நல்லதா கெட்டதா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். நான் அன்று போகாததே நல்லது என்று ஒரு மனம் எனக்குத் தப்பிக்க வழி தேடியது. அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. அவள் வாழ்க்கையில் எது நல்லது என்று முடிவு செய்ய நான் யார்? நான் வெறும் கால் வெட்டினவன்.

அதன்பிறகு நான் எடுத்த கல்யாணப் படங்களிலெல்லாம் தரை கூடுதலாக இருக்கும். “எந்தரு சேட்டா, மாப்பிள்ளையைவிடச் செருப்பு பெரிசா இருக்கே!” என்று கேட்பார்கள். அண்ணன் வெட்டிக் கொடுப்பார். டபுளரை அதற்குப் பிறகு பூட்டவில்லை. மழைக்காலத்தில் உள்ளே பூசணம் பிடித்துவிட்டது.

ஒரு வருடம் இருக்கும். ஒரு மத்தியானம் அவள் தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தாள். பாஸ்போர்ட் சைஸ் படம் எட்டு வேண்டும் என்றாள். திருச்சூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போகிறாளாம். சாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தால் கிடைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டேன். சாதாரண லென்ஸ்தான், நாலடி தூரம். இவ்வளவு கிட்டத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. குவியம் பிடிக்கக் கை வரவில்லை. வளையத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“இதுக்குக் கால் வேண்டாம் தான அண்ணா?”

முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. படத்துக்கு உட்கார்கிறவர்கள் வைத்துக்கொள்கிற முகம்.

“வேண்டாம்,” என்றேன். எடுத்தேன். பயத்தில் இன்னொன்றும் எடுத்தேன். பிறகு வாய் தானாகச் சொன்னது: “முழுசா ஒண்ணு எடுக்கட்டா? பைசா வேண்டாம்.”

“நீங்க பைசா வாங்காம எடுத்த படம் ஒண்ணை ஊரெல்லாம் பாத்தாச்சு. அது மதி.”

கவுண்டருக்கு வந்ததும் கேட்டாள். “அந்த பிலிம் உண்டா?”

உண்டு. கடிதம் வைக்கிற டப்பாவில் தனி உறையில் வைத்திருந்தேன். இருக்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் வாசலில் போய் நின்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். பழகாதவர்களுக்கு எதுவும் தெரியாது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“நாய் தெரியுது,” என்றாள்.

“ஆமா.”

“அது போன மழையில செத்துப்போச்சு.”

பிலிமை மடக்காமல், நான் கொடுத்த உறையிலேயே திரும்ப வைத்துப் பைக்குள் போட்டாள். படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமை அவள் அம்மாதான் வந்து வாங்கிக்கொண்டு போனார், எட்டும் இருக்கிறதா என்று கவுண்டரில் பரப்பி எண்ணிப் பார்த்துவிட்டு.